ஜெர்மனியின் கப்பல்தளங்கள்

உலகில் இன்று கட்டப்படும் கப்பல்களைக் கொள்ளளவால் கணக்கிட்டால், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலேயே உருவாகிறது. எண்ணெய்க் கப்பல், நிலக்கரியும் தானியமும் அள்ளிச் செல்லும் மொத்தச் சரக்குக் கப்பல், பெரிய கன்டெய்னர் கப்பல் ஆகிய மூன்றிலும் ஜெர்மனியின் பங்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனாலும் அந்நாட்டின் வடகரையில் கப்பல் கட்டும் தொழில் அழிந்துவிடவில்லை. எம்ஸ் நதிக்கரையில் ஆயிரக்கணக்கான பயணிகளை ஏற்றும் உல்லாசக் கப்பல்கள் எழுகின்றன. கீல் நகரில் நீர்மூழ்கிகளும், பிரேமனைச் சுற்றிய வேசர் கரையில் உலகின் மிக நீளமான தனியார் சொகுசுக் கப்பல்களும் மீட்புக் கலங்களும் கட்டப்படுகின்றன. ஒரே அச்சில் பத்து இருபது என்று வார்த்தெடுக்க முடியாத கப்பல்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றைக் கைவிட்ட தொழில் அது. அப்படிக் கைவிட்டது முன்யோசனையோடு வகுத்த திட்டம் என்று பிற்காலத்தில் எழுதப்படுவதுண்டு. உண்மையில் பெரும்பாலான தளங்கள் வேறு வழியில்லாமல்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன.

ஒரு கப்பலின் கொள்ளளவு மட்டும் அதில் போகும் உழைப்பைக் காட்டாது. எண்ணெய்க் கப்பல் என்பது பெரும்பாலும் தொட்டிகளும் குழாய்களும் பின்புறம் ஓர் இயந்திர அறையும்தான். அதே கொள்ளளவுள்ள பயணிகள் கப்பலில் ஆயிரக்கணக்கான அறைகள், சமையற்கூடங்கள், அரங்குகள், மின்தூக்கிகள், தீத்தடுப்புக் கதவுகள், இவற்றையெல்லாம் இணைக்கும் மின்கம்பிகள் என்று வேலை பல மடங்கு பெருகும். அதனால் கொள்ளளவை உழைப்பின் அளவோடு பெருக்கிப் பார்க்கும் தனிக் கணக்கு ஒன்றைத் தொழில்துறை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு கப்பல்களை முடிக்கும் ஒரு தளத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும்.

தொழிலின் தொடக்கம் அடக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஜெர்மன் கப்பல் நிறுவனங்கள் தங்கள் நீராவிக் கப்பல்களைப் பிரிட்டனில் கட்டி வாங்கின. 1885இல் கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தபால் கப்பல் விட மானியம் கொடுத்த பேரரசு அரசு, அதற்கான புதிய கப்பல்கள் ஜெர்மன் தளங்களில்தான் கட்டப்பட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்த ஒரு வரி பல தளங்களுக்கு வாழ்வளித்தது. பன்னிரண்டே ஆண்டில் ஷ்டெட்டின் நகரின் வுல்கான் தளம் 'கைசர் வில்ஹெல்ம் டெர் குரோசே' என்ற அட்லாண்டிக் பயணக் கப்பலை முடித்துக் கொடுத்தது. வேகத்துக்கான நீல ரிப்பன் பெருமையை அது பிரிட்டனிடமிருந்து பறித்தது. 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்கள் போர்க்கப்பல் வேலையைக் கொண்டுவந்து குவித்தன. ஹாம்பர்க்கில் ஹெர்மான் புளோமும் எர்ன்ஸ்ட் ஃபோசும் 1877இல் தொடங்கிய புளோம் உண்ட் ஃபோஸ் தளம் 1913இல் 'ஃபாட்டர்லாண்ட்' கப்பலை இறக்கியபோது, அது உலகின் மிகப் பெரிய கப்பலாக இருந்தது. சென்னைவாசிகளுக்கு அக்காலத்து ஜெர்மன் கப்பல்களில் நன்கு தெரிந்தது வேறொன்று. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிய 'எம்டன்' போர்க்கப்பல், டான்சிக் நகரின் பேரரசுத் தளத்தில் கட்டப்பட்டு 1908இல் நீரில் இறக்கப்பட்டது. டான்சிக்கும் ஷ்டெட்டினும் இன்று போலந்தில் இருக்கின்றன. ஜெர்மன் கப்பல் தொழிலின் பழைய வரைபடத்தை இன்றைய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் பாதி விடுபட்டுப்போகும்.

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தப்படி பெரிய வணிகக் கப்பல்கள் எல்லாம் வெற்றி பெற்ற நாடுகளுக்குப் போயின. 1929இல் பிரேமனின் ஆ.கே. வேசர் தளம் கட்டிய 'பிரேமன்' மீண்டும் நீல ரிப்பனை வென்றது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் 21ஆம் ரக நீர்மூழ்கிகளைத் துண்டு துண்டாகச் செய்து இணைக்கும் முறை வந்தது. உள்நாட்டு எஃகு ஆலைகளில் உருவான பகுதிகள் கால்வாய் வழியே தளங்களுக்கு வந்து சேர்ந்தன. பொறியியல் வரலாற்றில் இதைப் பெருமையாகச் சொல்வோர், அதற்காக பிரேமன் அருகே ஃபார்கே என்ற இடத்தில் எழுப்பப்பட்ட வாலன்டீன் பதுங்கு கட்டடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வதைமுகாம் கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு நீர்மூழ்கிகூட வெளியே வரவில்லை.

1945க்குப் பின் நேச நாடுகள் தளங்களைப் பிரித்தெடுத்தன. பெரிய கப்பல் கட்டத் தடை விதித்தன. தடை 1951இல் முழுமையாக விலகியது. கொரியப் போரும் அதன் பிறகு சூயஸ் நெருக்கடியும் கப்பல் தேவையை ஏற்றிவிட, மேற்கு ஜெர்மனி பத்தாண்டுக்குள் பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றோடு முன்வரிசைக்கு வந்தது. கிரேக்கக் கப்பல் அதிபர் ஓனாசிஸின் 'டினா ஓனாசிஸ்' 1953இல் ஹாம்பர்க்கின் ஹோவால்ட் தளத்தில் முடிந்தபோது அதுவே உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல். ஐம்பதுகளின் இறுதியில் மேற்கு ஜெர்மன் தளங்களில் வேலை செய்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். இன்று தளங்களின் சொந்தத் தொழிலாளர் எண்ணிக்கை அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

சரிவு எழுபதுகளில் தொடங்கியது. ராட்சத எண்ணெய்க் கப்பல்களை நம்பி ஆழமான துறைகளும் உயரமான கிரேன்களும் போட்டு முடித்த வேளையில் 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. கேட்க ஆளில்லாத கப்பல்கள் துறைமுகங்களில் கட்டிக் கிடந்தன. ஜப்பானுக்குப் பின் கொரியா களத்தில் இறங்கியது. விலையில் அவற்றோடு போட்டி போட ஹாம்பர்க் கூலியால் முடியவில்லை. 1983 செப்டம்பரில் ஹாம்பர்க்கின் ஹோவால்ட்-டாய்ச்ச வெர்ஃப்ட் தொழிலாளர்கள் தளத்தையே கைப்பற்றி உள்ளே அமர்ந்தார்கள். அடுத்த சில நாளில் பிரேமனில் ஆ.கே. வேசர் தொழிலாளர்களும் அதையே செய்தார்கள். 'ஊசே அக்சென்', நம்ம கம்பெனி, என்று ஊர்க்காரர்கள் செல்லமாக அழைத்த அந்தத் தளம் அவ்வாண்டின் கடைசி நாளோடு மூடப்பட்டது. அதே எண்பதுகளின் பின்பாதியில் ஹோவால்ட்-டாய்ச்ச வெர்ஃப்டின் கீல் தளமும் பிரேமன் நகரின் பிரேமர் வுல்கான் தளமும் அமெரிக்காவின் ஏ.பி.எல். நிறுவனத்துக்காக ஐந்து கன்டெய்னர் கப்பல்கள் கட்டின. அன்றைய பனாமா கால்வாய்க்குள் நுழைய முடியாத அகலத்தில் கட்டப்பட்ட முதல் கன்டெய்னர் கப்பல்கள் அவைதான். இன்று உலக வணிகத்தைச் சுமக்கும் ராட்சதக் கப்பல்களின் முன்மாதிரியை ஜெர்மனி செய்து காட்டியது. அந்த வகையின் ஆர்டர்கள் எல்லாம் கிழக்காசியாவுக்குப் போயின. அவற்றில் பலவற்றுக்கு முதலீடு போட்டது ஜெர்மனியின் பல் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வரிச் சலுகைக்காகச் சேர்ந்த முதலீட்டுக் கூட்டுகள் என்பது இந்த வரலாற்றின் விசித்திரமான பக்கம்.

தப்பிப் பிழைத்த தளங்களில் மிகவும் எதிர்பாராத இடத்தில் இருப்பது பாப்பன்புர்க்கின் மையர் தளம். 1795இல் வில்ம் ரோல்ஃப் மையர் மரக்கப்பல் கட்டத் தொடங்கிய இடம் அது. எம்ஸ் நதி கடலைத் தொடும் முகத்துவாரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உள்ளே, மாடு மேயும் சமவெளி நடுவே நிற்கிறது. 1913இல் இத்தளம் 'கிராஃப் கெட்சன்' என்ற கப்பலைக் கட்டி, உடனே பிரித்து, ஏறத்தாழ 5,000 பெட்டிகளில் அடைத்து தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து ரயிலேறிய பெட்டிகள் டாங்கனிக்கா ஏரிக்கரையைச் சேர்ந்தன. கப்பல் அங்கே மறுபடி ஒன்றுசேர்க்கப்பட்டு 1915இல் மிதந்தது. போரில் பின்வாங்கியபோது ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். பின்னர் பிரிட்டிஷார் மேலே கொண்டுவந்தார்கள். 'லியம்பா' என்ற பெயரில் அது நூறாண்டைத் தாண்டி நின்றது. பெரிய கப்பலை இறக்க வழியில்லாத ஊரில் இருப்பதால், எதையும் துண்டாக்கிச் சிந்திக்கும் பழக்கம் பாப்பன்புர்க்குக்கு அப்போதே இருந்ததாகத் தோன்றுகிறது.

இந்தோனேசியத் தீவுகளுக்கான பயணிகள் கப்பல், கால்நடை ஏற்றும் கப்பல், எரிவாயுக் கப்பல் என்று கிடைத்ததையெல்லாம் கட்டிக்கொண்டிருந்த தளம், 1986இல் 'ஹோமரிக்' என்ற உல்லாசக் கப்பலை முடித்துக் கொடுத்தது. நதி குறுகலாக இருந்ததால் அக்கப்பல் பக்கவாட்டில் சறுக்கவிடப்பட்டு நீரில் விழுந்தது. அதன் பிறகு கூரை போட்ட கட்டுந்துறைகள் வந்தன. இரண்டாவது கூடம் இப்போது 504 மீட்டர் நீளம், 125 மீட்டர் அகலம், 75 மீட்டர் உயரம். மழையும் பனியும் பெய்யும் வடகரையில் கூரைக்குக் கீழே வேலை செய்வது தொழிலாளியின் வசதிக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. ஈரத்தில் பற்றவைப்புக் கெடும், வண்ணம் பிடிக்காது, ஒப்படைக்கும் நாள் தவறும்.

உள்ளே நடக்கும் வேலையின் ஒழுங்கு இது. எஃகுத் தகடுகள் முதலில் தட்டையான பலகங்களாக லேசர் துணையோடு இணைக்கப்படுகின்றன. பலகங்கள் பகுதிகளாகின்றன, பகுதிகளைக் கவிழ்த்துப் போட்டபடியே குழாய்களையும் கம்பித் தடங்களையும் பொருத்திவிடுகிறார்கள், தலைக்கு மேல் கை தூக்கி வேலை செய்வதைவிடக் கால்மாட்டில் வைத்துச் செய்வது எளிது என்பதால். பகுதிகள் சேர்ந்து பல அடுக்குள்ள பெரிய கட்டிகளாகின்றன. 800 டன் வரை தூக்கும் கிரேன் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அமர்த்துகிறது. இயந்திர அறைப் பகுதி ரோஸ்டாக்கில் உள்ள துணைத் தளமான நெப்டூனில் தனியாகக் கட்டப்பட்டு, மிதந்தே பாப்பன்புர்க் வந்து சேர்வதுண்டு. பயணிகள் அறைகள் இன்னும் விசித்திரம். குளியலறை, கட்டில் அடித்தளம், விளக்கு, சுவர்த்தாள் எல்லாம் முடிந்து, கதவு பூட்டிய பெட்டிகளாகப் பக்கத்துத் தொழிற்கூடத்திலிருந்து வந்து, கப்பலின் திறந்த விலா வழியே உள்ளே தள்ளப்படுகின்றன. கப்பலில் அவற்றுக்குச் செய்ய வேண்டியது தண்ணீர், மின்சாரம், காற்று ஆகிய இணைப்புகள் மட்டும். 2018இல் இவ்வாறு முடிந்த 'ஐடா நோவா' முழுக்கவும் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடக்கூடிய முதல் உல்லாசக் கப்பல்.

கட்டி முடித்த கப்பலைக் கடலுக்குக் கொண்டுசெல்வது தனிக் கலை. எம்ஸ் நதிக்கு இவ்வளவு பெரிய கப்பலைத் தாங்கும் ஆழம் இயல்பில் கிடையாது. 2002இல் கான்டர்சும் என்ற இடத்தில் நதிக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை முடிக்கப்பட்டது. புயல் அலையிலிருந்து கரையைக் காப்பது அதன் ஒரு வேலை. கப்பல் கிளம்பும் நாளில் மதகுகளை மூடி நதியை நிரப்புவது இன்னொரு வேலை. கடல் ஏற்றத்தையும் காற்றையும் பார்த்து நாள் குறிக்கிறார்கள். கப்பல் முன்பக்கமாகப் போவதில்லை. இழுவைப் படகுகள் பிடித்துக்கொள்ள, பின்புறம் முன்னே வர, நிதானமாக நகர்கிறது. அப்படிப் போனால்தான் வளைவுகளில் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது. கரையில் ஆயிரக்கணக்கானோர் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வேனர் என்ற ஊரில் ரயில் பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கி எடுத்து வழிவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தப் பாலத்தை 2015 டிசம்பரில் மோதி உடைத்தது மையர் கப்பல் எதுவுமல்ல. 'எம்ஸ்மூன்' என்ற சிறிய சரக்குக் கப்பல்.

இதற்கு நதி கொடுத்த விலை குறைவில்லை. ஆழப்படுத்தத் தூர்வாரத் தூர்வார, கடல் ஏற்றம் வண்டலை அதிகமாக உள்ளே கொண்டுவந்தது. கோடையில் கலங்கிய நீரில் பிராணவாயு குறைந்து மீனினம் தங்க முடியாத நிலை உண்டாயிற்று. அரசும் தளமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2015இல் ஒரு நீண்ட காலச் சீரமைப்புத் திட்டத்தில் கையெழுத்திட்டன. தளத்தையே கடற்கரைக்கு மாற்றிவிடலாமே என்ற கேள்வி அவ்வப்போது எழும். ஒரு மாவட்டமே அதை நம்பி வாழ்வதால் அந்தக் கேள்வி ஒருபோதும் வெகுதூரம் போகாது.

கீல் நகரின் சரித்திரம் வேறு தடத்தில் ஓடுகிறது. பவேரியப் படைவீரர் வில்ஹெல்ம் பவுவர் வடிவமைத்த 'பிராண்டாவுகர்' என்ற நீர்மூழ்கி இங்கே 1850இல் கட்டப்பட்டது. 1851 பிப்ரவரி 1 அன்று சோதனையின்போது அது துறைமுகத்தில் மூழ்கியது. உள்ளே இருந்த மூவரும் தண்ணீர் உள்ளே நிறையும் வரை காத்திருந்து, காற்றழுத்தம் சமமானதும் மூடியைத் திறந்து மேலே வந்தார்கள். அந்தக் கலம் 1887இல் சேற்றிலிருந்து மீட்கப்பட்டு இன்று டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கட்டிய பட்டறையின் வழித்தோன்றல்தான் ஹோவால்ட்-டாய்ச்ச வெர்ஃப்ட். பின்னாளில் அது தைசன்குருப் மரீன் சிஸ்டம்ஸ் ஆனது.

கீல் கட்டும் நீர்மூழ்கியின் இயல்பைத் தீர்மானித்தது பால்டிக் கடல். ஆழம் குறைவு, காந்தக் கண்ணிவெடிகள் மிகுதி. எனவே காந்தம் பிடிக்காத எஃகில் உடல் கட்ட அறுபதுகளின் தொடக்கத்தில் முயன்றார்கள். முதல் சில கலங்களில் அந்த எஃகு அரித்து விரிசல் விட்டது. இரண்டை ஏறக்குறைய புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று. சரியான உலோகக் கலவை கைவந்த பிறகு அதுவே கீலின் தனிச்சொத்தாகிவிட்டது. அடுத்த தலைமுறையில் எரிபொருள் மின்கலம் வந்தது. 212ஏ ரகத்தில் ஹைட்ரஜன் உலோகக் கலவைக்குள் உறிஞ்சப்பட்டு உருளைகளில் வைக்கப்படுகிறது. திரவ ஆக்ஸிஜனோடு அது சேரும்போது மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கின்றன. எரிதலோ அதிர்வோ இல்லை; எனவே சத்தமும் இல்லை. காற்றுக்காக மேலே வர வேண்டிய தேவை வாரக்கணக்கில் எழுவதில்லை. இந்த ரகத்தின் முதல் கலமான யு-31, 2005இல் கடற்படையில் சேர்ந்தது.

ஏற்றுமதிக்கென்றே உருவானது 209 ரகம். அறுபதுக்கு மேற்பட்ட கலங்கள் பல நாடுகளுக்குப் போயின. ஜெர்மன் கடற்படை மட்டும் ஒன்றுகூட வாங்கவில்லை. 1981இல் இந்தியா நான்குக்கு ஒப்பந்தம் போட்டது. ஐ.என்.எஸ். சிசுமார், ஐ.என்.எஸ். சங்குஷ் இரண்டும் கீலில் கட்டப்பட்டு 1986இல் சேர்க்கப்பட்டன. சல்கி, சங்குல் இரண்டும் மும்பை மசகான் தளத்தில் உருவாயின. அழுத்தம் தாங்கும் உடலைப் பற்றவைக்கும் நுட்பத்தை இந்தியத் தொழிலாளர்கள் கீலுக்குப் போய்க் கற்று வந்தார்கள். தரகுப் பணக் குற்றச்சாட்டு எழுந்து, மேற்கொண்டு கட்டும் யோசனை நின்றுபோனதும் அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. கருவியையும் வரைபடத்தையும் வாங்கிப் பூட்டி வைக்கலாம்; பற்றவைக்கும் பழக்கத்தை அப்படி வைத்திருக்க முடியாது. அதே மசகானும் அதே கீலும் ஆறு புதிய நீர்மூழ்கிகளுக்காக 2025இல் மறுபடி பேச்சு நடத்த உட்கார்ந்தன.

போர்க்கப்பலில் ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபோஸ் வேறொரு வழி கண்டது. பீரங்கி, ரேடார், ஏவுகணை ஆகியவற்றை அளவு வரையறுத்த கூடுகளில் பொருத்தி, வாங்கும் நாடு விரும்பியதை விரும்பிய இடத்தில் அமர்த்திக்கொள்ளும் 'மெக்கோ' முறை எழுபதுகளில் உருவாயிற்று. நைஜீரியாவின் 'அராடு' அதன் முதல் கப்பல். ஒரு கடற்படைக்கு ஓரிரு கப்பல்தான் தேவை என்றாலும் தளத்துக்கு அது கட்டுப்படியாகியது.

வேசர் கரையின் லூர்சன் குடும்பத் தளம் 1875இல் படகுப் பட்டறையாகத் தொடங்கியது. காட்லீப் டைம்லரின் இயந்திரத்தைப் பொருத்தி 1886இல் செய்த 'ரெம்ஸ்' படகை உலகின் முதல் மோட்டார் படகு என்று அது உரிமை கொண்டாடுகிறது. விரைவுப் போர்ப்படகுகளில் பெயரெடுத்த பின், அதே வேக நுட்பத்தைப் பணக்காரர்களின் சொகுசுக் கப்பலுக்குத் திருப்பியது. 2013இல் வந்த 'அசாம்' 180 மீட்டர் நீளம். தனியார் சொகுசுக் கப்பல்களில் அதைவிட நீளமானது அப்போது இல்லை. இந்த வேலையில் எஃகைவிட மேற்பூச்சுக்குத்தான் பொறுமை வேண்டும். தகடுகளின் மேடு பள்ளம் தெரியாதபடி நிரப்பிப் பூசி, தேய்த்து, மறுபடி பூசி, கண்ணாடிபோலப் பளபளக்கும் வரை மாதக்கணக்கில் இழைக்கிறார்கள். வாங்குபவர் பெயர் வெளியே வராது; கட்டும் வரை ஒரு புனைபெயர்தான் வழங்கும். 2022இல் உக்ரைன் போரையொட்டிய தடைகளால் 'டில்பார்' போன்ற கப்பல்கள் ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபோஸ் தளத்திலேயே முடங்கியபோது, ரஷ்யச் செல்வந்தர்களை இத்தொழில் எவ்வளவு நம்பியிருந்தது என்பது ஊரறிந்தது. பக்கத்திலேயே லெம்வெர்டரில் 1907 முதல் இயங்கும் ஆபெக்கிங் உண்ட் ராஸ்முசன், சொகுசுக் கப்பலோடு காந்தம் பிடிக்காத கண்ணிவாரிக் கப்பல்களையும், இரட்டை உடலால் அலையில் ஆடாமல் நிற்கும் வழிகாட்டிக் கலங்களையும் கட்டுகிறது.

பேர்னே ஊரின் ஃபாஸ்மர் தளம் பெரிய செய்திகளில் அதிகம் வருவதில்லை. 1850 முதல் படகு கட்டும் அக்குடும்பத்தின் சரக்கு உயிர்காப்புப் படகுகளும் ரோந்துக் கப்பல்களும். 1865இல் தொடங்கி இன்றும் நன்கொடையில் நடக்கும் ஜெர்மன் கடல் மீட்புச் சங்கத்துக்காக அது கட்டும் மீட்புக் கலங்கள் கவிழ்ந்தாலும் தாமே நிமிர்ந்துகொள்ளும். பின்புறத்துச் சரிவுத் தடத்தில் ஒரு சிறு படகு அமர்ந்திருக்கும். ஆழமில்லாத மணல்திட்டுப் பக்கம் பெரிய கலம் போக முடியாதபோது அது வழுக்கி இறங்கிப் போய் வரும். ஹெல்கோலாண்ட் தீவில் நிறுத்தப்பட்ட 46 மீட்டர் 'ஹெர்மான் மார்வேட' இவ்வகையில் பெரியது. ஃப்ளென்ஸ்பர்க் தளம் லாரிகள் ஓட்டியே ஏறி இறங்கும் கப்பல்களில் தேர்ந்தது. பிரேமர்ஹாஃபனின் லாயிட் தளம் புதிது கட்டுவதைவிடப் பழையதை மாற்றுவதில் கெட்டி: 1986-87 குளிர்காலத்தில் 'குவீன் எலிசபெத் 2' கப்பலின் நீராவி இயந்திரங்களை எடுத்துவிட்டு ஒன்பது டீசல் இயந்திரங்களை வைத்து அனுப்பியது.

ஆய்வுக் கப்பல்களும் இத்தளங்களின் பழைய பாடம். 1982இல் கீலும் ரெண்ட்ஸ்பர்க்கும் சேர்ந்து கட்டிய 'போலார்ஷ்டெர்ன்' பனியை உடைத்துச் செல்லும் ஆய்வுக்கூடம். 1991இல் வடதுருவத்தையே எட்டியது. இந்தியாவின் 'சாகர் கன்யா' ஆய்வுக் கப்பலும் 1983இல் லூபெக் அருகே ஷ்லிக்டிங் தளத்திலிருந்து வந்ததுதான். வங்கக் கடலின் பருவமழை பற்றிய எத்தனையோ அளவீடுகள் அதன் மேல்தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இத்தகைய கப்பலின் மதிப்பில் பெரும்பகுதி தளத்துக்கு வெளியே உண்டாகிறது. இயந்திரம் ஆக்ஸ்பர்க்கிலிருந்து வரும். அங்கேதான் ருடால்ஃப் டீசல் தன் இயந்திரத்தை ஓட வைத்தார். வேகமான கலங்களுக்கான டீசல் இயந்திரம் போடன் ஏரிக்கரையின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் உருவாகிறது. செங்குத்தான தகடுகளைச் சுழற்றி எந்தத் திசையிலும் உந்தும் ஃபோய்த்-ஷ்னைடர் உந்துபொறி ஹைடன்ஹைமில். கடலைக் கண்ணால் பார்க்காத ஊர்கள் இவை. கட்டுவதற்கு முன்பே மாதிரிக் கப்பலைத் தொட்டியில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஹாம்பர்க்கில் 1913இல் தொடங்கிய சோதனை நிலையம் இருக்கிறது. பனிக்கட்டி மிதக்கும் தொட்டிகூட உண்டு. ஒரு தளம் மூடினாலும் இந்தச் சுற்றுவட்டம் சீனாவுக்கும் கொரியாவுக்கும் விற்றுப் பிழைத்துக்கொள்ளும். தளங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஒரே வகையில் ஊன்றுவதன் மறுபக்கம் கிழக்கில் முதலில் தெரிந்தது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் விஸ்மார், வார்னமுண்டே, ஷ்ட்ரால்சுண்ட், வோல்காஸ்ட் தளங்கள் சோவியத் தேவைக்காக வளர்க்கப்பட்டன. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் 'அட்லாண்டிக்' இழுவலைக் கப்பல்கள் ஷ்ட்ரால்சுண்டிலிருந்து நூற்றுக்கு மேல் வெளிவந்தன. 1990க்குப் பின் வாடிக்கையாளரே இல்லாமல் போனார். ஐரோப்பிய ஒன்றியம் மானியத்தை அனுமதித்தது. கூடவே ஆண்டுக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்று உச்சவரம்பும் போட்டது. கிழக்குத் தளங்களை வாங்கிய பிரேமர் வுல்கான், அவற்றுக்கென்று ஒதுக்கிய அரசுப் பணத்தை மேற்கில் இருந்த தன் ஓட்டைகளை அடைக்கத் திருப்பியது. 1996இல் அதுவே திவாலாயிற்று. பின்னர் கை மாறிக் கை மாறி, 2016இல் மலேசியப் பின்னணி கொண்ட கென்டிங் ஹாங்காங் வசம் வந்த தளங்கள் 9,500 பேர் ஏறும் 'குளோபல் டிரீம்' கப்பலைத் தொடங்கின. கொரோனா வந்து உல்லாசப் பயணமே நின்றது. 2022 ஜனவரியில் அத்தளங்களை நடத்திய எம்.வி. வெர்ஃப்டன் நிறுவனம் திவால் அறிவித்தது. முடிவடையாத கப்பலை டிஸ்னி வாங்கிப் பெயர் மாற்றிச் சிங்கப்பூருக்கென ஒதுக்கியது. விஸ்மார் கூடத்தைக் கீலின் நீர்மூழ்கித் தளமும், வார்னமுண்டேயைக் கடற்படையின் பழுதுபார்ப்புப் பிரிவும், ஷ்ட்ரால்சுண்டை அவ்வூர் நகராட்சியும் எடுத்துக்கொண்டன. மேற்கே ஹாம்பர்க்கில், 1635 முதல் இருந்த நாட்டின் மிகப் பழைய தளமான சீட்டாஸும் அதே காலத்தில் அடங்கிப்போனது.

மையர் தளத்துக்கு வந்த நெருக்கடியின் காரணம் ஆர்டர் இல்லாமை அன்று. புத்தகம் நிறைய ஆர்டர் இருந்தது. உல்லாசக் கப்பல் ஒப்பந்தங்களில் வாங்குபவர் கட்டும் காலத்தில் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் தருவார். மீதி நான்கு பங்கும் கப்பலை ஒப்படைக்கும் நாளில். இடைப்பட்ட ஆண்டுகளுக்குத் தளமே கடன் வாங்க வேண்டும். கொரோனாவுக்கு முன் போட்ட ஒப்பந்தங்களில் மூலப்பொருள் விலையேற்றத்துக்கு இடம் வைக்கவில்லை. உக்ரைன் போருக்குப் பின் எஃகும் மின்சாரமும் ஏறியபோது, ஒவ்வொரு கப்பலும் தளத்துக்கு நட்டமாயிற்று. வங்கிகள் கைவிரித்தன. 2024 செப்டம்பரில் மத்திய அரசும் லோயர் சாக்சனி மாநிலமும் சேர்ந்து 40 கோடி யூரோ பங்கு முதலீடு செய்து ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தங்கள் கையில் எடுத்தன. வங்கிக் கடனுக்கும் உத்தரவாதம் கொடுத்தன. தொழிலாளர் பிரதிநிதித்துவ விதிகளைத் தவிர்க்க 2015இல் லக்சம்பர்க்குக்குப் போன தலைமையகம் திரும்பி வர வேண்டும் என்பதும் நிபந்தனை. ஏழு தலைமுறைக் குடும்பத் தொழில் ஒரே கையெழுத்தில் பொதுச் சொத்து ஆனது. ஒரு தனியார் உல்லாசத் தொழிலுக்கு வரிப்பணமா என்ற முணுமுணுப்பு எழாமலில்லை. பல்லாயிரம் குடும்பங்களும் நாடெங்கும் பரவிய துணைத்தொழில்களும் மறுபக்கத் தட்டில் இருந்தன.

2022க்குப் பின் ராணுவச் செலவு ஏறியதும் தொழிலின் எடை கடற்படைப் பக்கம் சாய்ந்துவிட்டது. நார்வேயுடன் கூட்டாக 212சிடி ரக நீர்மூழ்கிகள் கீலில் உருவாகின்றன. தைசன்குருப் தன் கப்பல் பிரிவைத் தனியாக்கி 2025 அக்டோபரில் பிராங்க்பர்ட் பங்குச் சந்தையில் ஏற்றியது. லூர்சன் குடும்பம் புளோம் உண்ட் ஃபோஸ் உள்ளிட்ட தன் போர்க்கப்பல் தளங்களைப் பீரங்கி செய்யும் ரைன்மெட்டாலுக்கு விற்க முடிவெடுத்தது. சொகுசுக் கப்பல் மட்டும் குடும்பத்திடம் மிஞ்சுகிறது. எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. எஃப்-125 ரகத்தின் முதல் போர்க்கப்பலை 2017இல் கடற்படை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. அடுத்து எஃப்-126 வேலை டச்சு நிறுவனமான டாமனுக்குப் போனது. வடிவமைப்புக் கோப்புகளை ஜெர்மன் தளங்களிடம் கைமாற்றுவதில் மென்பொருள் சிக்கி ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று. சிக்கல் எஃகு வெட்டுவதற்கு முன்பே, கணினிக்குள் தொடங்கிவிட்டது. விஸ்மாரில் உல்லாசக் கப்பல் கட்டிய கூடத்தில் நீர்மூழ்கிகளுக்கும், 2024 டிசம்பரில் ஒப்பந்தமான புதிய 'போலார்ஷ்டெர்ன்' ஆய்வுக் கப்பலுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே இப்போது தட்டுப்பாடு ஆர்டருக்கு இல்லை. பற்றவைப்பவருக்கும் மின்பணியாளருக்கும் வடிவமைப்புப் பொறியாளருக்கும்தான்.